போகும் முன்பே வரைந்துவிடுங்கள்: அயல்நாட்டில் விட்டுவந்த சிறுவயது வீட்டை ஓவியமாக்குவது

டிக்கெட் போட்ட அன்றைக்கே பென்சிலை எடுத்துவிட வேண்டும். வாசலில் போய் நின்ற பிறகு வரைந்துகொள்ளலாம் என்று விட்டால், வரைய இருந்ததில் பாதி போய்விடும்.

சிறுவயதில் வாழ்ந்து, பிறகு நாடு விட்டு நாடு வந்து, இருபது முப்பது வருஷம் கண்ணால் பார்க்காத வீடு மனசுக்குள் யார் கையும் படாமல் இருக்கும். உள்ளூரிலேயே இருக்கும் வீடு அப்படி இருப்பதில்லை. போக வரப் பார்த்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, எது பழையது எது புதியது என்று பிரிக்க முடியாமல் ஆகிவிடும். ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மூளை அதைக் கொஞ்சம் மாற்றித்தான் திரும்ப வைக்கிறது. எதிரே நிஜ வீடே நிற்கும்போது அந்த மாற்றம் பெரிதாக நடக்கும். நீல நிறக் கதவு என்று இத்தனை வருஷம் வைத்திருந்தது, இப்போதைய பழுப்புக் கதவைப் பார்த்த ஐந்தாவது நிமிஷம் மங்க ஆரம்பித்துவிடும். அதனால் இந்த வேலையில் முதல் கட்டம் பயணம் அல்ல, அதற்கு முந்தைய நாலு வாரம்.

அந்த நாலு வாரமும் பழைய ஆல்பத்தைத் திறக்கக் கூடாது. இணைய வரைபடத்தில் தெருவைத் தேடிப் பார்க்கவும் கூடாது. அஞ்சலட்டை அளவுத் தாள்கள் இருபது, 4பி பென்சில் (மென்மையான, கறுப்பாக விழும் ரகம்) ஒன்று, இது போதும். அழிப்பான் வேண்டாம். ஒரு தாளுக்குப் பத்து நிமிஷம். "வீடு எப்படி இருந்தது?" என்று மனசைக் கேட்டால் பொதுவான ஒரு வீட்டைத்தான் அது தரும். உடம்பைக் கேட்க வேண்டும். கதவு உள்பக்கம் திறந்ததா, வெளிப்பக்கமா? சுவிட்ச் எந்தக் கைப்பக்கம், எட்டியதா, எக்க வேண்டியிருந்ததா? படுக்கையிலிருந்து காலை எடுத்து வைத்தால் தரை சில்லென்று இருந்ததா, மரமா? மாடிப்படியில் எந்தப் படி சத்தம் போட்டது? கை காலின் நினைவு கண்ணின் நினைவைவிட நேர்மையானது. பதில் வந்த இடத்தை மட்டும் வரையுங்கள்.

கோடுகளுக்கு மூன்று தரம் வைத்துக்கொள்வது பின்னால் பெரிய உதவி. நிச்சயமாகத் தெரிந்தது அழுத்தமான கோடு. இப்படித்தான் இருந்திருக்கும் என்பது புள்ளிக்கோடு. தெரியாத இடம் வெற்றிடம். வெற்றிடத்தை நிரப்பிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும், அதைத்தான் அடக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். அண்ணனோ தங்கையோ கூட வருகிறார்கள் என்றால் அவர்களும் தனியாக வரையட்டும், அதுவரை வீட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவருக்கும் அதுவே நினைவாகிவிடும்.

நிறத்தையும் இதே கட்டத்தில் பிடித்துவிட வேண்டும். மூன்றுக்கு ஐந்து சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டு, சமையலறைச் சுவர், வாசல் கதவு, படுக்கை விரிப்பு என்று நினைவில் இருக்கும் நிறங்களைக் கலந்து பூசி வையுங்கள். நினைவு நிறங்கள் நிஜத்தைவிடச் சற்று அடர்த்தியாகத்தான் வரும். அதைத் திருத்தாதீர்கள், கடைசிப் படத்துக்கு அந்த அடர்த்தி தேவைப்படும். இருபது தாளையும் நிறக்கட்டங்களையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கையோடு கொண்டுபோனால் அங்கே எடுத்துத் திருத்தத் தோன்றும்.

வீட்டில் இப்போது இருப்பவர்களுக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை அங்கே இருந்தீர்கள், எத்தனை பேர் வருவீர்கள், எவ்வளவு நேரம், என்ன செய்வீர்கள், இந்த நாலும் அதில் இருக்க வேண்டும். நாற்பது நிமிஷம் கேட்பது நியாயமானது, ஒரு மணி நேரம் என்றால் பலர் தயங்குவார்கள். படம் எடுப்பதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள். அவர்களுடைய பிள்ளைகள், சொந்தப் பொருட்கள், கதவு எண் எதுவும் படத்தில் வராது என்று எழுதிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். அனுமதி கிடைக்காமல் போனாலும் வேலை நின்றுவிடாது. தெருவின் சரிவு, எதிர்வீட்டுக் கூரையின் கோடு, மரங்கள், வீட்டுக்குப் பின்னால் தெரியும் வானத்தின் அளவு, இவையெல்லாம் வெளியில் நின்றே கிடைக்கும். வீடு இடிபட்டுப் போயிருந்தாலும் இவற்றில் பெரும்பகுதி இருக்கும். தெருக்காட்சி வரைபடங்கள் சிலவற்றில் பழைய வருஷத்துப் படங்களுக்குப் பின்னோக்கிப் போகும் வசதி உண்டு. உறையை ஒட்டியாகிவிட்டது என்பதால் இப்போது அதைப் பார்க்கலாம்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டர்பன்டைன், தின்னர், பென்சில் கோடு கலையாமல் இருக்க அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே இவற்றை விமானத்தில் கைப்பையிலும் விட மாட்டார்கள், கீழே போகும் பெட்டியிலும் விட மாட்டார்கள். கத்தி, பிளேடு கீழே போகும் பெட்டிக்கு. ஆயில் ட்யூப்கள் தாவர எண்ணெய்யில் அரைத்தவைதான், ஆனாலும் சோதனையில் விளக்கம் சொல்ல நேரும். அங்கே போய்ச் செய்ய வேண்டிய வேலைக்கு வாட்டர்கலரே சரி. கைப்பையில் வைப்பதென்றால் ட்யூப் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்கட்டும். அல்ட்ராமரீன், தாலோ புளூ, யெல்லோ ஓக்கர், ஒரு எலுமிச்சை மஞ்சள், பர்ன்ட் சியன்னா, குவினாக்ரிடோன் ரோஸ், இந்த ஆறும் போதும். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் எல்லாச் சாம்பலும் வந்துவிடும், கறுப்பு தேவையில்லை. பழைய அலிசரின் கிரிம்சன், அதாவது ட்யூபில் பிஆர்83 என்று போட்டிருப்பது, வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், தவிர்த்துவிடுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம், கெட்டியான தாள்), பருத்தி. அதோடு ஐந்து மீட்டர் அளவு நாடா, திசைகாட்டி, அஞ்சலட்டை அளவில் ஒரு வெள்ளை அட்டை, மெல்லிய தாள் ஒரு சுருள், மெழுகு கிரேயான், முடிச்சுப் போட்ட ஒரு கயிறு.

அந்தக் கயிறுதான் பெட்டியில் இருப்பதிலேயே முக்கியமான கருவி.

திரும்பிப் போகிறவர்கள் எல்லாரும் சொல்லும் வார்த்தை, "வீடு சுருங்கிப்போச்சு." வீடு சுருங்கவில்லை, பார்க்கிற கண் மேலே ஏறிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 115 சென்டிமீட்டர், கண் இருப்பது 105இல். நாலு வயது என்றால் கண் 92 அளவில். வளர்ந்தவருக்கு 150, 160. ஓவியத்தில் கண்மட்டக் கோடு, அதாவது பார்க்கிறவரின் கண் உயரத்தில் ஓடும் கோடு, எங்கே விழுகிறதோ அதுதான் பார்க்கிறவர் யார் என்பதைச் சொல்கிறது. 200 சென்டிமீட்டர் உயரக் கதவைத் தாளில் 20 சென்டிமீட்டராக வரைகிறீர்கள் என்று வையுங்கள். வளர்ந்தவரின் கண்மட்டம் கீழிருந்து பதினைந்தரையில் போகும், ஆறு வயதுக்குப் பத்தரையில். ஐந்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் கைப்பிடி, மேசை, ஜன்னல் விளிம்பு, மின்விசிறி, எல்லாமே அந்த ஐந்து சென்டிமீட்டரைப் பொறுத்து வேறு படமாகிவிடும்.

மேசையை எடுத்துக்கொள்வோம். உயரம் 75, அகலம் 120, ஆழம் 80 சென்டிமீட்டர். அதன் முன்விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். முன்விளிம்பு தாளில் 12 சென்டிமீட்டர் வரும்படி வரைந்தால், வளர்ந்தவர் கண்ணுக்கு மேசையின் மேற்பரப்பு மூன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு விரியும். நாலு வயதுக் கண்ணுக்கு அதே மேற்பரப்பு முக்கால் சென்டிமீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு கோடு. மேசைமேல் என்ன இருந்தது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது, பாத்திரத்தின் பக்கவாட்டு மட்டும் தெரியும். மாறாக மேசைக்கு அடியில் இருந்த குறுக்குக் கட்டையும், அதில் ஒட்டியிருந்த அழுக்கும் நன்றாகத் தெரியும். சிறுவயது வீட்டை வரைந்த படங்கள் ஏன் வெறும் வீட்டுப் படமாகவே நின்றுவிடுகின்றன என்று யோசித்தால், பெரும்பாலும் இந்த மேசையில்தான் விடை இருக்கிறது. மேற்பரப்பு தாராளமாக விரிந்திருக்கும், அதன்மேல் தட்டும் டம்ளரும் வட்ட வட்டமாகத் தெரியும். அது விருந்தாளி பார்த்த வீடு.

கயிற்றில் ஒரு நுனியிலிருந்து 92இல் ஒரு முடிச்சு, 105இல் ஒரு முடிச்சு, எட்டு வயது நினைவும் உண்டென்றால் 116இல் இன்னொன்று. கயிற்றைத் தரையில் தொட வைத்து, முடிச்சு இருக்கும் உயரத்தில் போன் கேமராவை வைத்துப் படம் எடுங்கள். போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கும், ஓரங்களை இழுத்துவிடும். இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் கோடுகள் நம்பும்படி வரும். உட்கார்ந்து வரையும்போது கயிறுகூடத் தேவையில்லை. 30 சென்டிமீட்டர் உயர முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் வளர்ந்தவரின் கண் ஏறக்குறைய 105இல் வந்து நிற்கும், அதாவது ஆறு வயது. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் மூன்று வயதுக்கும் கீழே போய்விடுவீர்கள். சாதாரண நாற்காலி எட்டு, ஒன்பது வயது. நாற்பது நிமிஷத்தில் வேறெதுவும் செய்ய முடியாமல் போனாலும், ஒவ்வொரு அறையிலும் ஒரு தடவை தரையில் உட்கார்ந்து எழுந்துவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதல் ஐந்து நிமிஷம் எதையும் எடுக்காதீர்கள், நடந்து பாருங்கள். அடுத்த பத்து நிமிஷம் அளவு: ஒரு அறையின் நீளம், அகலம், உயரம், ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு, கதவின் அகலம். எல்லா அறையும் வேண்டாம், உறைக்குள் இருக்கும் தாள்களில் எந்த இரண்டு இடங்களை அதிகம் வரைந்திருந்தீர்களோ அவை மட்டும். பிறகு பார்த்து வரைவது. இதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் லெகோக் தெ புவாபோத்ரான் என்ற ஆசிரியர் கற்பித்த முறையைவிட நல்லது தெரியவில்லை. நினைவிலிருந்து வரைவதை ஒரு பயிற்சியாகவே அவர் நடத்தினார், எளிய வடிவத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனார். சிற்பி ரோதன் அவரிடம் படித்தவர். அதை இங்கே இப்படிச் செய்யலாம்: மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு ஐந்து நிமிஷம் வரைந்து, மறுபடி ஒரு தடவை மட்டும் சரிபார்ப்பது. எதிரில் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தால் எல்லாம் ஒரே எடையில் வந்துவிடும். திரும்பி நின்று வரையும்போது எது முக்கியமோ அது தானாகவே முன்னால் வரும்.

நிறம் தேடும்போது இப்போதைய சுவரைப் பார்த்து ஏமாந்துபோக வேண்டாம். பழைய நிறம் ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு: கதவுக் கீலின் பள்ளம், சுவரோடு பதித்த அலமாரியின் உள்பக்கம், மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பு. சுவர்த்தாள் ஒட்டிய வீடு என்றால், படம் மாட்டியிருந்த இடத்தில் வெளுக்காத சதுரம் இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எனாமல் வெள்ளை பெயிண்ட் இருட்டில் மஞ்சளாகும் குணமுள்ளது. அலமாரிக்குள் கிரீம் நிறம் தெரிந்தால் அது ஒருகாலத்தில் சுத்த வெள்ளையாக இருந்திருக்கலாம். எதையும் சுரண்டிப் பார்க்கக் கூடாது. அடுத்தவர் வீடு என்பது ஒன்று, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் ஆபத்து இன்னொன்று. நிறத்தைக் குறித்துக்கொள்ளும்போது வெள்ளை அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றியிருந்தாலும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். அங்கேயே வாட்டர்கலரில் கலந்து பார்த்தால், காய்ந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஈரத்தில் பொருந்திய நிறம் காய்ந்ததும் வெளிறிவிடும். அக்ரிலிக் நேர் எதிர், காய்ந்தால் கருக்கும்.

வெளிச்சத்துக்குத் திசைகாட்டி. ஒவ்வொரு ஜன்னலும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பி, குளிர்சாதனப்பெட்டி பக்கத்தில் முள் பிசகும், இரண்டடி தள்ளிப் பாருங்கள். அயல்நாடு என்பதால் இதில் ஒரு பொறி உண்டு. வீடு தென் அரைக்கோளத்தில், ஆஸ்திரேலியாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ இருந்தால், பெரும்பகுதியில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். வடக்கு அரைக்கோளத்தில் வருஷக்கணக்காக வாழ்ந்துவிட்டு நினைவிலிருந்து வரைகிறவர்கள் நிழலை எதிர்ப்பக்கம் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும்.

தரையில் விழுந்த வெயில் கட்டத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஜன்னலின் அடிவிளிம்பு 90 சென்டிமீட்டர், மேல்விளிம்பு 210. சூரியன் ஜன்னலுக்கு நேரெதிரே 45 பாகையில் இருந்தால், வெயில் சுவரிலிருந்து 90 சென்டிமீட்டரில் தொடங்கி 210இல் முடியும். 30 பாகைக்கு இறங்கினால் 156இல் தொடங்கி 364 வரை ஓடும். கட்டில் கால்வரை வெயில் வந்தது என்று உறைக்குள் ஒரு தாள் சொல்கிறது, கட்டிலோ சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருந்தது என்றால், அது உச்சிப்பொழுது அல்ல. காலையோ, சாயங்காலமோ, குளிர்காலமோதான். இப்படி ஒரு நினைவுக்கு நேரம் குறித்துவிட்டால் படத்தின் மற்ற நிழல்களெல்லாம் தானே வரிசைக்கு வந்துவிடும். இரவுக் காட்சி என்றால், பழைய குண்டு பல்பின் மஞ்சளைத் தேட வேண்டும். இப்போது அந்த அறையில் எரியும் வெள்ளை எல்இடி உங்கள் நினைவுக்குச் சம்பந்தமில்லாதது.

மெல்லிய தாளும் கிரேயானும் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு. தரை ஓடு, கதவு மரத்தின் வரி, இரும்புக் கம்பிச் சட்டம், இவற்றின்மேல் தாளை வைத்து, கிரேயானைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேய்த்தால் அச்சு விழும். கொரியக் கலைஞர் தோ ஹோ சூ தான் வாழ்ந்த வீடுகளையே இப்படித் தாள் போர்த்தித் தேய்த்து எடுத்திருக்கிறார். டேப் போட்டுத் தாளை ஒட்டாதீர்கள், பழைய பெயிண்ட் அதோடு உரிந்து வந்துவிடும். ஒருவர் பிடிக்க ஒருவர் தேய்ப்பதுதான் முறை. சுண்ணாம்புச் சுவரில் தேய்க்கவே வேண்டாம், தூள் உதிரும். இந்த அச்சுகளை அப்படியே படத்தில் ஒட்டலாம், அல்லது ஓட்டின் நிஜ அளவு தெரிந்துவிட்டதால் தரையைப் பெர்ஸ்பெக்டிவில், அதாவது தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரியும்படி, போடலாம்.

திரும்பி வந்ததும் பெரிய படத்தைத் தொடங்கிவிடாதீர்கள். புதிதாகப் பார்த்தது கண்ணில் பளிச்சென்று நிற்கும், கை அதையே போடும். இரண்டு மூன்று வாரம் கழியட்டும். பிறகு உறையைப் பிரித்து, மேசையில் இடப்பக்கம் நினைவுத் தாள்களையும் வலப்பக்கம் அளவுகளையும் வையுங்கள். இப்போது எடுக்கும் முடிவுதான் படத்தைத் தீர்மானிக்கும். நாங்கள் கடைப்பிடிப்பது இது: புள்ளிக்கோடு போட்ட இடத்தை அளவு வைத்துத் திருத்தலாம். வெற்றிடத்தை நிரப்புவதா, வெற்றிடமாகவே விடுவதா என்று பார்க்கலாம். அழுத்தமான கோட்டுக்கும் நிஜத்துக்கும் ஒத்துவராத இடத்தில் அழுத்தமான கோடே நிற்கட்டும்.

இத்தாலியில் போன்டிட்டோ என்ற சிறு மலையூரில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய ஃபிராங்கோ மன்யானி, ஊரை விட்டு வந்து பல வருஷம் கழித்து அதை நினைவிலிருந்தே நூற்றுக்கணக்கில் வரைந்தார். 1988இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள எக்ஸ்ப்ளோரடோரியம் அருங்காட்சியகம் அவருடைய படங்களையும், அதே இடங்களில் எடுத்த புகைப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியது. வியக்கும் அளவுக்குப் பொருந்திய படங்கள் உண்டு. ஆனால் ஓரிடத்தில் நின்றால் சேர்ந்து தெரியாதவற்றை அவர் ஒரே காட்சியில் சேர்த்திருந்ததும் அந்த வரிசையில்தான் தெரிந்தது. அவற்றைப் பிழை என்று சொல்ல மனம் வராது. ஒரு பிள்ளை ஓடி ஓடிப் பார்த்த ஊர் அப்படித்தான் ஒன்றுசேரும். உங்கள் தாளில் சமையலறையும் பின்வாசல் மரமும் ஒரே பார்வையில் வந்திருந்தால், அளவு நாடாவைக் காட்டி அதைப் பிரித்துவிடாதீர்கள்.

பிரிக்க வேண்டியது வருஷங்களைத்தான். ஐந்து வயது வீடும் பன்னிரண்டு வயது வீடும் ஒரு படத்தில் கலந்துவிடும், முந்தையதில் இருந்த நாற்காலியும் பிந்தையதில் வந்த தொலைக்காட்சியும் ஒரே அறையில் நிற்கும். கண்மட்டம் எந்த வயது என்று முதலிலேயே முடிவு செய்து பென்சிலால் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டால் இது நடக்காது.

வண்ணம் போடும்போது செபியா பக்கம் போகவே வேண்டாம். பழுப்பு என்பது பழைய புகைப்படத்தின் நிறம், நினைவின் நிறம் அல்ல. முதலில் கலந்து வைத்த அடர்த்தியான கட்டங்களை இங்கே பயன்படுத்துங்கள், அழுத்தமான கோடுகள் இருக்கும் பகுதிக்கு. புள்ளிக்கோட்டுப் பகுதிகளுக்கு அதே நிறத்தை நிறையத் தண்ணீர் விட்டு ஒரே வாஷில், அதாவது ஒரே மெல்லிய பூச்சில். வெற்றிடத்துக்குத் தாளின் வெள்ளை. துடைத்து மங்கலாக்க வேண்டிய இடத்தில் தாலோ புளூவைப் பூசாதீர்கள், அது தாளைப் பிடித்துக்கொண்டு விடாது. அல்ட்ராமரீன் என்றால் ஈரப் பிரஷ்ஷால் தொட்டு எடுக்கும்போது பெரும்பாலும் எழும்பி வரும். வெள்ளையைக் காப்பாற்ற மாஸ்கிங் திரவம் போட்டிருந்தால் ஒரு நாளுக்குள் உரித்துவிடுங்கள். வாரக்கணக்கில் விட்டால் தாளின் மேல்தோலோடு வரும்.

பெரியவர்களை வரைய வேண்டியிருந்தால் முகத்தில் தொடங்காதீர்கள். புகைப்படத்தைப் பார்த்துத்தான் முகம் வரும், வந்ததும் அந்தப் பகுதி மட்டும் வேறு படமாகத் தனித்துத் தெரியும். 105 சென்டிமீட்டர் கண்ணுக்கு எதிரே இருப்பது கை, முழங்கை, உடுத்திய துணியின் மடிப்பு, இடுப்பில் செருகிய சாவி. முகம் வேண்டும் என்றால் கீழிருந்து பார்த்த தாடையும் மூக்கின் அடிப்பகுதியுமாக, படத்தின் மேல்விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு வரட்டும்.

முடிந்ததும் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள்: எந்த வயதுக் கண், எந்த மாதம், எத்தனை மணி வெயில், எந்தப் பகுதி நினைவு, எது அளந்தது. பேனா மை சில வருஷத்தில் முன்பக்கம் ஊறிவிடக்கூடும். பிறகு நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்து, அச்சுப் போட்டு, கதவைத் திறந்துவிட்ட அந்த வீட்டுக்காரர்களுக்குத் தபாலில் அனுப்புங்கள். மடியாமல் போக, பின்னால் ஒரு கெட்டி அட்டை வைக்க வேண்டும்.